வீட்டின் வயிற்றில் கை வைக்கும் வேலை

அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் தொழிற்சாலையில் செய்த வீடுகளில் குடியிருக்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் தரை, சுவர், கூரை, குளியலறை வரை முடித்து, லாரியில் இழுத்துவந்து இறக்கிவிடுவார்கள். இவற்றுக்கான மத்திய அரசின் கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 முதல் அமலில் உள்ளன. ‘மொபைல் ஹோம்’ என்ற பழைய பெயர் பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், பெரும்பாலானவை இறக்கிய இடத்தைவிட்டு அசைவதே இல்லை. இடம் மாற்றவேண்டி வருவது வெளிச்சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத்தான்.

அந்தக் குழாய்க்கு இடம் குறிப்பது தொழிற்சாலை. சமையலறையோ குளியலறையோ, பைப் பக்கத்தில் ஓடும் இடத்தில் ஒரு துளை போட்டு வெளியே நீட்டிவிடுவார்கள். தோட்டம் எந்தப் பக்கம் வரும், கார் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு வீட்டுக்காரர் ஆசையாக ஒரு மரத் திண்ணை கட்டுவார். குழாய் அதன் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். ஹோஸ் மாட்டக் குப்புறப் படுக்க வேண்டும்.

ஒரு குழாய்தானே என்று தோன்றும். ஆனால் வீட்டின் அடியைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். கான்கிரீட் கற்களை அடுக்கிய தூண்கள்மேல் வீடு நிற்கிறது. அடியில் தவழ்ந்து போகுமளவு இடைவெளி. தரையைத் தாங்கும் சட்டங்களுக்கிடையே தண்ணீர் பைப்கள், அவற்றுக்குக் கீழே கண்ணாடியிழைப் பஞ்சு, பஞ்சைத் தாங்க ஒரு கறுப்பு விரிப்பு. இந்த அடுக்கை அங்குள்ள பிளம்பர்கள் ‘பெல்லி’ என்கிறார்கள், அதாவது வயிறு. வீட்டின் சூடு இதற்குள் தங்குவதால்தான் குளிர்காலத்தில் பைப்பில் தண்ணீர் உறைவதில்லை. உறைந்தால் தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். இடம் போதாமல் பைப் வெடிக்கும். கடுங்குளிர் பழகாத டெக்ஸாஸ், 2021 பிப்ரவரியில் இதை வீடு வீடாகப் பார்த்தது.

குழாயை நகர்த்த இந்த வயிற்றைக் கிழித்தாக வேண்டும். மெயின் வால்வை மூடி, பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, புது இணைப்பு எடுத்து, பைப்பைப் பஞ்சுக்கு மேலாகவே கொண்டுபோய் ஓரச் சட்டத்தைத் துளைத்து வெளியே எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் விரிப்புக்குக் கீழே கட்டித் தொங்கவிடுகிறார்கள். கோடை முழுக்க நன்றாக ஓடும். முதல் கடுங்குளிரில் போய்விடும். பழைய குழாயைக் கழற்றி அந்த இடத்திலேயே மூடி போடுவதும் அரைகுறை வேலைதான். சுவர்வரை நிற்கும் தண்ணீர் உறையும். கிளை பிரியும் இடத்திலேயே அடைத்துவிட வேண்டும்.

இப்போதைய வீடுகளில் வளையும் பிளாஸ்டிக்கான பெக்ஸ் பைப். வளையம் போட்டு இறுக்கினால் போதும். செம்பு என்றால் பற்றவைக்க வேண்டும், மரத்துக்கும் விரிப்புக்கும் நடுவே நெருப்பைப் பிடித்துக்கொண்டு. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். சாம்பல் நிறப் பைப் கண்ணில் பட்டால் வேறு கவலை. 1978 முதல் 1995 வரை ஏராளமாகப் போட்ட பாலிபியூட்டிலீன் அது. குளோரின் கலந்த தண்ணீரில் நாளடைவில் நொறுங்கிப்போகும் என்று பெயரெடுத்தது, வழக்குகள்வரை போனது. குழாயோடு நிறுத்தாமல் பைப்பையே மாற்றிவிடலாம். கடைசியில் கிழித்த விரிப்பை அதற்கான டேப்பால் ஒட்ட வேண்டும். விட்டால் எலி குடிவரும்.

குளிர்ப் பகுதிகளுக்கென்றே உறையாத குழாய் ஒன்று விற்கிறது. கைப்பிடி வெளியே இருக்கும். தண்ணீரை அடைக்கும் வால்வு ஓரடி உள்ளே, சூடான பகுதியில் இருக்கும். மூடியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். அதற்குக் குழாய் வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஹோஸையும் கழற்றிவிட வேண்டும். ஹோஸை மாட்டியபடி விட்டால் தண்ணீர் வடிய வழியில்லை, இது சாதாரணக் குழாய் போலத்தான். ஹோஸ் முனை சோப்புத் தண்ணீர் வாளியில் கிடந்தால் அழுக்கு பைப்புக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும் அமைப்பும் சேர்ந்தே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வயிற்றைத் தொடாமலே செய்ய ஒரு வழி உண்டு. மண்ணுக்கடியில் பைப் ஓட்டி, முற்றத்தில் தனியாக ஒரு குழாய்க் கம்பம் நிறுத்தலாம். அதன் வால்வு மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இருக்கும். மின்னசோட்டாவில் அந்த ஆழம் 42 முதல் 60 அங்குலம்வரை கணக்கு. தோட்டம் தூரத்தில் இருந்தால் இதுதான் சரி. ஆனால் இந்த வீட்டுக்காரர்களில் பலருக்கு வீடு மட்டுமே சொந்தம், மனை வாடகைக்கு. தோண்டுவதற்கு மனைக்காரரின் அனுமதி வேண்டும். அது கிடைக்காதவர்கள் வீட்டுக்கடியில்தான் தவழ வேண்டியிருக்கிறது.