எழுத்துமூல வினா (இந்திய நாடாளுமன்றம்)

எழுத்துமூல வினா என்பது இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசின் செயல்பாடு பற்றித் துறை அமைச்சரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே விடை பெறும் கேள்வி ஆகும். அவை அலுவல் வழக்கில் இது நட்சத்திரக் குறியிடாத கேள்வி எனப்படும். உடுக்குறியற்ற வினா என்றும் எழுதுவர். அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாக விடை சொல்ல வேண்டிய கேள்விக்கு மட்டும் பட்டியலில் நட்சத்திரக் குறி இடப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

தொலைக்காட்சியில் காணப்படும் கேள்வி நேரத்தில் எழுத்துமூல வினாக்களுக்கு இடமில்லை. ஆயினும் எண்ணிக்கையில் இவையே மிகப் பெரும்பான்மையானவை. தொடர்வண்டிப் பாதை, உரத் தட்டுப்பாடு, மீனவர் கைது, கல்வி உதவித்தொகை என அரசின் பணிகள் பற்றி நாளிதழ்களில் வெளியாகும் பல எண்கள், அமைச்சர் எழுத்துமூலம் அளித்த பதிலில் தெரிவித்தவையே.

வகைகள்

மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. மாநிலங்களவையில் இவ்வெண்கள் முறையே 15, 160 ஆகும். குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் விடையளித்ததும் உறுப்பினர்கள் துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு அவ்வாய்ப்பு இல்லை. விடை அவையின் முன் வைக்கப்படுவதுடன் அது முடிந்துவிடும். இவையன்றி, அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்தவற்றை அமைச்சரின் இசைவுடன் கேட்கும் குறுகிய கால அறிவிப்புக் கேள்வியும் உண்டு.

ஒரு மணி நேரத்தில் 20 கேள்விகளையும் முடிக்க இயலுவதில்லை. பெரும்பாலான நாள்களில் நான்கைந்துதான் வாய்மொழி விடை பெறுகின்றன. எஞ்சிய குறியிட்ட கேள்விகளின் விடைகளும் எழுத்துமூல விடைகளாகவே பதிவாகின்றன. அமளியால் அவை ஒத்திவைக்கப்படும் நாளில் துணைக் கேள்விகள் அனைத்தும் இழக்கப்படுகின்றன, எழுத்துமூல விடைகள் மட்டும் பதிவேட்டில் இடம்பெற்றுவிடுகின்றன. எனவே அவை நடவாத கூட்டத்தொடர்களில் அரசிடமிருந்து பெறப்படும் தகவலுக்கு இவ்வகையே பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில், 1861ஆம் ஆண்டின் இந்திய மன்றங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைப் பல கட்டுப்பாடுகளுடன் வழங்கியது. 1893 பெப்ரவரி 16 அன்று பிங்கா அரசர் முதல் கேள்வியை எழுப்பினார். சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளுக்குப் பொருள்கள் வழங்க வேண்டியிருப்பதால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் இன்னல் பற்றியது அக்கேள்வி. பேரரசின் தலைமை மன்றத்தில் எழுந்த முதல் வினா ஒரு சிற்றூர்க் கடையைப் பற்றியதாக இருந்தது குறிப்பிடத்தக்கது. கேள்வியை எழுப்பியவர் துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கிடைத்தது.

பிரித்தானிய மக்களவையில் வாய்மொழி, எழுத்துமூலம் என்ற பிரிவு 1902ஆம் ஆண்டில் வந்தது. வாய்மொழி விடை வேண்டுவோர் தம் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கமும் அப்போது தோன்றியதே.

விடுதலைக்குப் பின்னர், 1962 சீனப் போரின்போதும் 1975–77 நெருக்கடி நிலையின்போதும் கேள்வி நேரம் கைவிடப்பட்ட கூட்டத்தொடர்கள் உண்டு. கொரோனா பரவலின் நடுவே 2020 செப்டம்பர் 14 முதல் 23 வரை நடந்த கூட்டத்தொடரிலும் கேள்வி நேரம் இல்லை. எதிர்க்கட்சிகளின் எதிர்ப்புக்குப் பின் எழுத்துமூல வினாக்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன.

கேள்வியின் அமைப்பு

மக்களவை உறுப்பினர் ஒருவர், விடை வேண்டும் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பு அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. வந்து சேரும் அறிவிப்புகள் பட்டியலில் உள்ள இடங்களைவிட மிகுதியாக இருப்பதால் முன்னுரிமை குலுக்கல் முறையில் முடிவாகிறது.

எதைக் கேட்கலாம் என்பதை மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆம் விதி வரையறுக்கிறது. கேள்வி 150 சொற்களுக்கு மிகக் கூடாது. வாதம், ஊகம், எள்ளல், அவதூறு ஆகியவை கூடா. கருத்துக் கேட்கவோ கற்பனை நிலைமைக்குத் தீர்வு கேட்கவோ கூடாது. நடுவண் அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத பொருளும், நீதிமன்ற விசாரணையில் உள்ள பொருளும் ஏற்கப்படா. ஒரு பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கைச் சிக்கல்களையும் கேட்க இயலாது. ஏற்பதும் மறுப்பதும் அவைத்தலைவரின் முடிவாகும்.

இவ்விதிகளுக்குள் எழுதி எழுதிக் கேள்விகளுக்கு ஒரு நிலையான வடிவம் ஏற்பட்டுவிட்டது. கேள்வி (அ), (ஆ), (இ) எனப் பகுக்கப்படும். "(அ) இந்நிகழ்வை அரசு அறியுமா, (ஆ) அறியுமெனில், அதன் மாநிலவாரி விவரம் என்ன, (இ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் யாவை" என்பது போல அமையும். கணினி நிரலில் நிபந்தனைக் கூற்று எழுதிப் பழகியவர்களுக்கு இவ்வமைப்பு உடனே பிடிபடும். அதிலுள்ள ஓட்டையும் பிடிபடும். முதற்பகுதிக்கு "இல்லை" என்று விடை வந்தால், அதைச் சார்ந்துள்ள பகுதிகள் "இக்கேள்வி எழவில்லை" என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடும். தேர்ந்த உறுப்பினர்கள் இதனாலேயே ஒவ்வொரு பகுதியையும் தனித்து நிற்குமாறு எழுதுகின்றனர்.

விடை உருவாகும் வழி

ஏற்கப்பட்ட கேள்வி அமைச்சகத்துக்குச் சென்றதும் உரிய பிரிவு அலுவலர்கள் வரைவு எழுதுவர். தேவையான விவரங்கள் சார்நிலை அலுவலகங்களிடமிருந்தும் மாநில அரசுகளிடமிருந்தும் கேட்டுப் பெறப்படும். வரைவு படிப்படியாக மேலே சென்று அமைச்சரின் ஒப்புதலைப் பெறும். குறியிட்ட கேள்வியாயின் எழக்கூடிய துணைக் கேள்விகளுக்கான குறிப்புகளும் ஆயத்தமாகும். குறியிடாத கேள்விக்கு அத்தேவை இல்லை. அதனாலேயே வரைவில் உள்ள சொற்களே முடிந்த முடிவாகின்றன.

விடையை வரைபவர் யார் என்பது பொதுவாக வெளியே தெரிவதில்லை. பிரித்தானியாவின் கிளைவ் பான்டிங் இதற்கு ஒரு விதிவிலக்கு. 1982 பாக்லாந்து போரில் அர்கெந்தீனாவின் செனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றி நாடாளுமன்ற உறுப்பினர் டாம் டாலியெல் விடாது வினவி வந்தார். விடை வரையும் பணியில் இருந்த பாதுகாப்பு அமைச்சக அதிகாரி பான்டிங், நாடாளுமன்றம் தவறாக வழிநடத்தப்படுவதாகக் கருதி, 1984இல் ஆவணங்களை டாலியெலுக்கே அனுப்பிவிட்டார். அரசு இரகசியங்கள் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கில் 1985இல் நடுவர் குழு அவரை விடுவித்தது.

சொல்லும் எண்ணும்

எழுத்துமூல விடை கேட்கப்பட்ட சொல்லுக்கே விடையளிக்கிறது. கேட்கப்பட்ட அமைச்சகத்தின் எல்லைக்குள் நின்றே விடையளிக்கிறது. இதை உணராமல் படித்தால் விடையில் உள்ள எண் மட்டுமல்ல, எண் இன்மையும் தவறாகப் பொருள்படும்.

2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் சொந்த ஊர் திரும்புகையில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றி மக்களவையில் தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு பேணப்படவில்லை என்பது விடை. தரவு இல்லாததால் இழப்பீடு பற்றிய பகுதிக்கு, இக்கேள்வி எழவில்லை என்று விடையளிக்கப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என்ற எண்ணிக்கை மட்டும் அதே அமைச்சகத்திடம் இருந்தது. சில நாள்களுக்குள் மாநிலங்களவையில் தொடர்வண்டி அமைச்சகத்திடம் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. தொழிலாளர் சிறப்புத் தொடர்வண்டிகளில் பயணம் செய்கையில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக அந்த அமைச்சகம் விடையளித்தது. சாலையில் நடந்து சென்று இறந்தவர்கள் இவ்வெண்ணில் இல்லை. ஆயினும் ஒரு வாரத்துக்குள் "தரவு இல்லை" என்பது 97 ஆயிற்று. கேள்வி சென்று சேர்ந்த இடம் வேறு என்பதே அதன் காரணம்.

2021 சூலை 20 அன்று நலவாழ்வு அமைச்சகம் மாநிலங்களவையில் அளித்த விடை இன்னொரு வகை. உயிர்வளிப் பற்றாக்குறையால் ஏற்பட்ட இறப்பு என்று குறிப்பிட்டு மாநிலங்கள் எதையும் தெரிவிக்கவில்லை என்றது அவ்விடை. எவரும் இறக்கவில்லை என்று அது கூறவில்லை. நலவாழ்வு மாநிலப் பொருள், மாநிலங்கள் அனுப்புவதையே தாம் தொகுப்பதாக அமைச்சகம் சொல்லிற்று. மறுநாள் பரவிய செய்திகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் காணாமற் போயிற்று.

அதே கூட்டத்தொடரில் சமூகநீதி அமைச்சகம், மனிதக் கழிவைக் கையால் அகற்றும் பணியால் இறந்தோர் பற்றிய தகவல் ஏதும் இல்லை என்று விடையளித்தது. கழிவுநீர்க் குழாய்களையும் மலக்குழித் தொட்டிகளையும் துப்புரவு செய்கையில் 1993 முதல் இறந்தோர் 941 பேர் என்பதும் அதே அமைச்சகத்தின் விடையே. மாநிலவாரியாகத் தமிழ்நாடு அதில் முதலிடத்தில் இருந்தது. இரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினாலும் சட்டத்தின்படி முரண்பட்டவை அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுதலையும் கழிவுநீர்க் குழாயில் இறங்கிச் செய்யும் அபாயகரமான துப்புரவையும் தனித்தனியே வரையறுக்கிறது. முதற்சொல்லை மட்டும் பயன்படுத்திக் கேட்ட உறுப்பினருக்குச் சுழியமே விடையாகக் கிடைக்கும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அச்சுழியம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது வேறு.

துணைக் கேள்வி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு முந்திரா விவகாரம் பழைய சான்றாகும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் அரிதாசு முந்திராவின் நிறுவனங்களில் செய்த சுமார் ரூ. 1.24 கோடி முதலீடு பற்றி 1957இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. முதல் விடை மழுப்பலாக இருந்தது. உறுப்பினர்கள் விடவில்லை. பெரோசு காந்தி அவ்வாண்டு திசம்பரில் அதைப் பெரும் விவாதமாக்கினார். நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணை நடத்தினார். சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். எழுத்துமூல வினாவில் மழுப்பலான விடை வந்தால் உறுப்பினர் செய்யக்கூடியது, மீண்டும் வேறு சொற்களில் எழுதிக் குலுக்கலுக்குக் காத்திருப்பதே.

உறுதிமொழிகள்

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்ற விடை அடிக்கடி காணப்படுவது. தட்டிக்கழித்தல் போலத் தோன்றினாலும் நடைமுறையில் இது ஓர் உறுதிமொழியாகக் கணக்கிடப்படுகிறது. இவ்வாறு கொடுத்த வாக்குகளைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இயங்குகின்றன. மூன்று மாதங்களுக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும். இயலாதெனில் கால நீட்டிப்புக் கோர வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பவையும் உண்டு.

முறைகேடுகள்

கேள்விக்கு மதிப்பு இருப்பதாலேயே அதற்கு விலையும் பேசப்பட்டது. 2005 திசம்பரில் ஒளிபரப்பான இரகசியப் படப்பதிவு ஒன்றில், கேள்வி கேட்பதற்காக உறுப்பினர்கள் பணம் பெறுவது காட்டப்பட்டது. அம்மாதம் 23 அன்று மக்களவை உறுப்பினர்கள் 10 பேரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் நீக்கப்பட்டனர். இந்நீக்கம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2007 சனவரியில் தீர்ப்பளித்தது.

கேள்விகளை இணையவழி அளிக்கும் முறை வந்த பின்னர் சிக்கலின் வடிவமும் மாறியது. மகுவா மொய்த்திரா தமது நாடாளுமன்றக் கணக்கின் நுழைவு விவரங்களைத் தொழிலதிபர் ஒருவருடன் பகிர்ந்த விவகாரத்தில் 2023 திசம்பர் 8 அன்று மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். பணம் பெற்றதாகக் கூறப்பட்டதை அவர் மறுத்தார். 2024 தேர்தலில் அவர் மீண்டும் வென்றார்.

விடைகளைத் தேடுதல்

கேள்விகளும் விடைகளும் இரு அவைகளின் இணையத்தளங்களிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கின்றன. உறுப்பினர், அமைச்சகம், நாள், கேள்வி எண் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். பெரும்பாலானவை பிடிஎப் கோப்புகள். மாநிலவாரிப் பட்டியல்கள் பின்னிணைப்பாக, சில சமயம் வருடிய படமாகவே இருப்பதால் எண்களைக் கையால் தட்டச்சிட வேண்டியிருக்கும். ஒரே திட்டம் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் வந்த விடைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், எந்த ஆண்டில் கணக்கிடும் முறை மாறியது, எந்த ஆண்டில் பட்டியலில் ஒரு நிரல் மறைந்தது என்பன தெரியவரும். ஆய்வுக் கட்டுரைகளில் எடுத்தாளும் மாணவர்கள் அவையின் பெயர், கேள்வி எண், விடையளித்த நாள் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். கேள்வி எண்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், எண் மட்டும் இருந்தால் உரிய விடையைக் கண்டுபிடிக்க இயலாது.