எல்லா வயிற்றுவலியும் 'கஸ்ரிக்' அல்ல

கண்டிக்கு வெளியே குடியேறி வாழும் விவசாயக் குடும்பமொன்றை அண்மையில் சந்தித்தோம். குடும்பத் தலைவருக்கு வயது 34. சோற்றுக் கோப்பையைக் கண்டாலே அவருக்குப் பயம். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் மேல்வயிற்றில் வலி தொடங்கி முதுகுக்கு ஊடுருவும். முன்புறம் குனிந்து இருந்தால்தான் கொஞ்சம் ஆறுதல். நான்கு வருடங்களாகக் கடையில் கஸ்ரிக் குளிசை வாங்கிப் போட்டிருக்கின்றார். உடம்பு மெலிந்து, மண்வெட்டி பிடிக்க முடியாத நிலை. அயலவர்களோ, "கசிப்புக் குடித்துக் குடல் வெந்துவிட்டது" என்று கதைத்தார்கள். அவர் மதுவைத் தொட்டறியாதவர். வலியை விட அந்தப் பேச்சே அவரை அதிகம் வாட்டியது என்று மனைவி எம்மிடம் கூறினார்.

கடைசியில் எடுத்த எக்ஸ்-றே படத்தில் சதையியில் கற்கள் தெரிந்தன. நாட்பட்ட சதையி அழற்சி என்பது நோயின் பெயர்.

சதையி செய்யும் வேலை

சதையியை இந்தியாவில் கணையம் என்பார்கள். அது இரைப்பைக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக இருக்கின்றது. அதற்கு இரண்டு வேலைகள். கொழுப்பையும் புரதத்தையும் சமிக்கச் செய்யும் நொதியங்களைச் சுரப்பது ஒன்று; இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது மற்றொன்று. அழற்சி மீண்டும் மீண்டும் ஏற்படும்போது சதையி தழும்பேறிச் சுருங்குகின்றது. அதன் குழாயில் கற்கள் உருவாகலாம். நொதியங்களின் அளவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கும்போது, சாப்பிட்ட கொழுப்பு சமிக்காமல் மலத்துடன் போகும். மலம் எண்ணெய்த் தன்மையுடன், துர்நாற்றத்துடன் தண்ணீரில் மிதக்கும். உடம்பு மெலியும். சலரோகமும் வரலாம்.

குடிகாரர் நோயா?

மதுவும் புகைத்தலும் முக்கிய காரணங்கள் என்பது உண்மை. ஆனால் அவை மட்டுமே காரணங்கள் அல்ல. 1959இல் இந்தோனேசியாவில், போசாக்குக் குறைந்த ஏழை நோயாளர்களிடம் சதையிக் கற்கள் காணப்பட்டதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. கேரளத்தில் டொக்டர் கீவர்கீஸ், மது அருந்தாத இளவயதினர் பலரிடம் இந்நோயைக் கண்டு, 1968இல் நூலொன்றும் எழுதினார். மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று அக்காலத்தில் சந்தேகித்தார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. 2002இல் வெளியான ஆய்வுகள், இந்திய நோயாளர் பலரிடம் 'ஸ்பிங்க் 1' என்ற பரம்பரை அலகில் மாற்றம் இருப்பதைக் காட்டின. ஆகவே இந்நோய் வந்தவரைக் குடிகாரர் என்று தூற்றுவது அநியாயம். அந்தப் பழிச்சொல்லுக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமல் இருப்பவர்களும் உண்டு.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். "கஸ்ரிக்" என்று நீங்களே நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். வலி எங்கே தொடங்குகின்றது, எங்கே பரவுகின்றது, சாப்பாட்டுக்குப் பின் கூடுகின்றதா, மலம் எப்படி, எவ்வளவு மெலிந்தீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். மது, புகைத்தல் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

மேலதிக பரிசோதனை தேவையென்றால், கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தரும்படி கேளுங்கள். இரைப்பை குடல் நோய் நிபுணர் அல்லது சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டிய நோய் இது. இந்நோயில் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். ஸ்கான், சி.ரி. ஸ்கான் போன்றவையே பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அது எமது உரிமை.

சிகிச்சை

பழுதடைந்த சதையியைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் வலியைக் குறைக்கலாம். மனிதரை மீண்டும் நடமாட வைக்கலாம். மதுவையும் புகைத்தலையும் முற்றாக நிறுத்துவது முதல் மருந்து. சாப்பாட்டுடன் எடுக்கும் நொதிய மாத்திரைகள் உண்டு. சலரோகம் வந்தால் இன்சுலின் தேவைப்படலாம். குழாயில் கல் அடைத்தால், வாய்வழியாகக் குழாய் செலுத்தியோ சத்திரசிகிச்சை மூலமோ அடைப்பை நீக்கலாம். வெளியே வாங்கும்படி மருந்து எழுதித் தந்தால், வசதி இல்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாட்டு மருந்தை நம்பி மாதக் கிளினிக்கை விட்டுவிட வேண்டாம். வலி தாங்க முடியாமல் வாந்தியும் வந்தால், அல்லது காய்ச்சலோ மஞ்சள் நிறமோ கண்டால், கிளினிக் நாள் வரை காத்திராதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

துண்டுகள் பத்திரம்

யுத்தத்தினாலோ, அணைக்கட்டினாலோ, மண்சரிவினாலோ வீடு விட்டு வந்த எம்மவருக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. இடம் மாறும்போது கிளினிக் புத்தகமும் படங்களும் தொலைகின்றன. பரிசோதனை முதலிலிருந்து தொடங்குகின்றது. மேலே சொன்னவர் இரண்டு தடவை இடம் மாறியவர். இரண்டு தடவையும் துண்டுகளை இழந்தவர். நான்கு வருடங்கள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே அடையாள அட்டையையும் காணி உறுதியையும் வைக்கும் பையிலேயே ஆஸ்பத்திரித் துண்டுகளையும் வையுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

இன்று அவர் மாதம் தவறாமல் கிளினிக் போகின்றார். வலி முற்றாக நிற்கவில்லை. ஆனால் சோற்றுக் கோப்பையைக் கண்டு பயப்படுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போஞ்சி போட்டிருக்கின்றார். உங்கள் அயலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ஒருவரைக் கண்டால், பழி சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள்.