முகம் தெரிகிறது, முகவரி தெரியவில்லை

இரவு எட்டு மணிக்கு மேல் இன்ஸ்டாகிராமைத் திறந்தால், எங்காவது ஒரு புடவை லைவ் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் கம்பியில் வரிசையாகப் புடவைகள், முன்னால் ரிங் லைட். ஒரு பெண் மடிப்பை உதறி முந்தானையை விரித்துக் காட்டுகிறார். பார்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடிக்கிறார். பிளவுஸ் பிட் கான்ட்ராஸ்ட் கலரில் வரும் என்கிறார். “சிங்கிள் பீஸ்தான் இருக்கு சிஸ், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல போடுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் கமென்ட்டில் யாரோ ‘புக்டு’ என்று எழுதிவிடுகிறார். ஜிபே எண் திரையில் நிற்கிறது. ஷிப்பிங் தனி, ரீசெல்லர்களும் வரலாம். எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் இன்னொரு வாக்கியம் வரும்: நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், டேமேஜ் இருந்தால், பார்சலைப் பிரிக்கும்போதே கட் இல்லாமல் எடுத்த ஓபனிங் வீடியோ கட்டாயம். சமூக ஊடகம் நம் ஊர் வியாபாரத்தை எப்படி மாற்றியிருக்கிறது என்று புரிய, லைவ் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி வாக்கியம் போதும். பொருள் கெட்டுப்போயிருந்தால் அதை நிரூபிக்கும் வேலை இப்போது வாங்கியவருடையது.

வீட்டு வாசலுக்கு வந்து புடவை விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சைக்கிளில் துணி மூட்டை கட்டி வந்து, திண்ணையில் பிரித்துப் போட்டு, தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போன வியாபாரிகளைத் தெருக்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. அவர்களிடம் பில் இருந்ததில்லை, போர்டு வைத்த கடையும் இருந்ததில்லை. ஆனாலும் வியாபாரம் நடந்ததற்குக் காரணம், பாக்கியை வசூலிக்க அவர் அடுத்த மாதமும் அதே தெருவுக்கு வந்தாக வேண்டும் என்பதுதான். சாயம் போயிருந்தால் தெருவே அவரைப் பிடித்துக்கொள்ளும். அவர் திரும்பி வருவதுதான் அவர் கொடுத்த கேரண்டி. இன்றைய லைவ் வியாபாரம் அந்தத் திண்ணையை அப்படியே மீட்டுக் கொடுத்திருக்கிறது: முகம், பேச்சு, உறவுமுறை சொல்லி அழைப்பது, பேரம் எல்லாமே இருக்கிறது. தவணை மட்டும் தலைகீழாகிவிட்டது. பணம் முதலில் போகிறது, பொருள் பிறகு வருகிறது, விற்றவர் திரும்பி வர வேண்டிய கட்டாயம் இல்லை.

இது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாட்ஸப் பிசினஸ் 2018 ஜனவரியில் வந்தது. அடுத்த ஆண்டு அதில் கேட்டலாக் வசதி சேர்ந்தது. 2015-இல் பெங்களூருவில் தொடங்கிய மீஷோ, புடவைப் படங்களை வாட்ஸப் குழுக்களில் பகிர்ந்து மார்ஜின் வைத்து விற்கும் வழக்கத்தையே ஒரு தொழிலாக்கியது. பிறகு 2020: ஒரு பக்கம் ஊரடங்கு, இன்னொரு பக்கம் ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். யுபிஐ ஏற்கெனவே எல்லார் கையிலும் இருந்தது. இளம்பிள்ளையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் மொத்தமாக விற்றவர்கள், ஒரு செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நேராக வீடுகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். முன்பு நமக்கு ஒன்று தேவைப்பட்டால் தேடிப் போவோம். இப்போது நாத்தனாரின் வளைகாப்பு வீடியோவுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் பொருளே நம்மைத் தேடி வருகிறது. தேடிப் போகும்போது நாலு கடையில் விலை கேட்போம். தேடி வந்ததிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘விலைக்கு டிஎம்’ என்று போடுவதும் இதற்காகத்தான். விலையை ஒளித்தால் ஒப்பிட முடியாது, கேட்டுவிட்டால் பேச்சு தொடங்கிவிடும், பேச்சு தொடங்கியபின் ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்குக் கூச்சம்.

விற்பவரிடம் அந்தப் புடவை இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. பல சமயம் இல்லை. மொத்த வியாபாரி குழுவில் படம் போடுகிறார். ரீசெல்லர் அதை எடுத்துத் தன் மார்ஜினைச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைக்கிறார். அங்கிருந்து இன்னொருவர் எடுக்கிறார். நாலு கை மாறியபின் ஒருவர் வாங்குகிறார். ஆர்டர் வந்ததும் பார்சல் மொத்த வியாபாரியிடமிருந்தே கிளம்பும்; ‘ஃப்ரம் அட்ரஸ்’ மட்டும் ரீசெல்லர் பெயரில் ஒட்டப்படும். ஆக, பார்சலின் மேல் இருக்கும் முகவரி புடவை வந்த இடமல்ல. உள்ளே இருக்கும் புடவையை அந்த முகவரிக்காரர் தொட்டதே இல்லை. ‘ஆர்ட் சில்க்’ என்று அவர் சொல்லும்போது பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆர்ட் என்பது ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம், கலை அல்ல. அது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அசல் பட்டா என்று பார்க்க சில்க் மார்க் லேபிள் இருக்கிறது. லைவில் ரிங் லைட்டின் பளபளப்பில் லேபிளை யாரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் விற்பவரை மட்டும் குற்றம் சொல்வது எளிது, தவறும்கூட. முக்கியமான ஆள் மேடையிலேயே இல்லை. ஆன்லைன் சந்தைகளில், அதாவது அமேசான், ஃபிளிப்கார்ட் போன்றவற்றில், நாம் கொடுக்கும் பணம் முதலில் அந்த நிறுவனத்தின் கைக்குப் போகிறது. பொருள் சேர்ந்து சில நாள் கழித்துத்தான் விற்பவருக்குப் போய்ச் சேரும். பொருள் திரும்பினால் நிறுவனத்துக்கும் நஷ்டம். அதனால் மோசமான விற்பனையாளரை வெளியேற்ற அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. சமூக ஊடக நிறுவனம் பிழைப்பது விளம்பரத்தில். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸப்பையும் வைத்திருக்கும் மெட்டாவுக்கு 2024-இல் வந்த சுமார் 16,450 கோடி டாலர் வருவாயில் 16,000 கோடிக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. நீங்கள் விளம்பரத்தைத் தொட்டு வாட்ஸப் உரையாடலுக்குள் நுழையும்போதே அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. புடவை வந்ததா, கிழிந்து வந்ததா, வரவே இல்லையா என்பதெல்லாம் அதன் கல்லாவைத் தொடாத விஷயங்கள். 2024-இல் தன் வருவாயில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களிலும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலும் இருந்து வரும் என்று மெட்டாவே உள்ளுக்குள் கணித்திருந்ததாக, அதன் ஆவணங்களைப் பார்த்த ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் எழுதியது. அது உத்தேசமான, மிகையான கணக்கு என்று நிறுவனம் மறுத்தது. மிகை என்றே வைத்துக்கொள்வோம்; வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கணக்குப்படி, 2021-இல் சமூக ஊடக மோசடியில் பணம் இழந்ததாக அங்கு வந்த புகார்களில் 45 சதவீதம் ஆன்லைன் ஷாப்பிங் பற்றியவை. விளம்பரம் பார்த்துப் பணம் கட்டியபின் பொருள் வரவே இல்லை என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கதை.

விளம்பரம் வெளியிடுவது மட்டும்தானே சமூக ஊடக நிறுவனங்களின் வேலை, பத்திரிகைகளும் அதைத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். ‘விளம்பரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்பு பத்திரிகைகளுக்கும் பழகியதுதான். வித்தியாசம் எங்கே என்றால், பத்திரிகை விளம்பரம் எல்லா வாசகருக்கும் ஒன்றுபோலத் தெரியும், யாரும் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஊடகச் செயலியில் யாருக்கு எந்த விளம்பரம் என்பதை நிறுவனத்தின் கணினியே தீர்மானிக்கிறது. நேற்று எந்தப் புடவையில் இரண்டு விநாடி அதிகம் நின்றீர்கள் என்பதை வைத்து இன்று அதே ரகத்தை உங்கள் முன் வைக்கிறது. விளம்பரம் அவர்களுடையது, அதைத் தொட்டால் திறக்கும் உரையாடல் அறையும் அவர்களுடையது. கடைத்தெருவைக் கட்டி, ஆளைப் பிடித்து உள்ளே அனுப்பி, வாடகையும் வாங்கிக்கொண்டு ‘நான் சுவர் மட்டும்தான்’ என்பதை எவ்வளவு தூரம் ஏற்க முடியும்? இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே பரிவர்த்தனை நடக்க உதவும் தளத்தைச் ‘சந்தை’ என்கின்றன. இந்த வரையறைக்குள் சமூக ஊடகமும் வர வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது வேறொன்று: கட்டுப்பாடு என்று தொடங்கினால் முதலில் அடிபடுவது வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கும் பெண்கள்தான். கடை வாடகை இல்லாமல், அட்வான்ஸ் இல்லாமல், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பார்சல் கட்டும் இவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். அவர்கள் சமூக ஊடகத்துக்கு வந்ததற்கு நம் வரிச் சட்டமே ஒரு காரணம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆனால் ஆன்லைன் சந்தையில் விற்க வேண்டுமானால் ஒரு ரூபாய் விற்றாலும் பதிவு கட்டாயம் என்று நெடுநாள் விதி இருந்தது. பெரிய வாசல் பூட்டியிருந்ததால் வாட்ஸப் என்ற சந்து வழியாக வந்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அந்த விதி தளர்ந்தது. மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரி, பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். எதிர்ப்புக்கான பதிலும் இந்தத் தளர்வுக்குள்ளேயே இருக்கிறது. ஆளை அடையாளம் காண முழு வரிப் பதிவு தேவையில்லை, ஆடிட்டர் தேவையில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். இவற்றில் ஏதாவது ஓர் எண்ணும் ஒரு முகவரியும் இருந்தால்தான் விளம்பரத்துக்குப் பணம் வாங்குவோம் என்று ஊடக நிறுவனம் சொன்னால், நேர்மையாக விற்பவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. காசை வாங்கிக்கொண்டு பிளாக் செய்யும் போலிப் பக்கங்களால் அதிகம் பாதிக்கப்படுவதும் அவர்தான். ஒருமுறை ஏமாந்த வாடிக்கையாளர் அடுத்தமுறை எல்லா லைவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறைகள். ‘நோ ரிட்டர்ன்’ என்று லைவில் நூறு முறை சொன்னாலும் அது மாறாது. ஊடகப் பிரபலங்கள் காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்தில் நடித்தால் 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இவ்வளவு வசதியும் மனுவின் ஓர் இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. எதிர்த்தரப்பின் பெயர், முழு முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இன்ஸ்டாகிராம் ஐடியையா?

தடை செய்துவிடலாம் என்று கடைக்காரர் சங்கங்கள் சில சமயம் பேசுவதுண்டு. இந்தோனேசியா அதைச் செய்து பார்த்தது. ஜகார்த்தாவின் தானா அபாங் ஜவுளிச் சந்தை வியாபாரிகள் தொழில் படுத்துவிட்டது என்று முறையிட, சமூக ஊடகத்துக்குள் நேரடி விற்பனை கூடாது என்று 2023 செப்டம்பரில் அரசு விதி போட்டது. அக்டோபர் 4 அன்று டிக்டாக் ஷாப் அங்கே மூடப்பட்டது. டிசம்பரில் அந்த நிறுவனம் உள்ளூர் மின்வணிகத் தளமான டோக்கோபீடியாவில் 75 சதவீதப் பங்கை வாங்கி, அதன் வழியாக மீண்டும் விற்கத் தொடங்கியது. பணம் இருப்பவன் வேறு கதவு வாங்கிக்கொள்வான். சிறு வியாபாரிக்குத்தான் தடை தடையாக இருக்கும். ஆகவே லைவை நிறுத்துவது தேவையற்றது, நடக்கவும் நடக்காது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: காசு வாங்கி ஒரு முகத்தை நம் திரையில் வைக்கும் நிறுவனம், அந்த முகத்தின் முகவரியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், புகார் வந்தால் அதைக் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் இழப்பை அதுவே ஏற்க வேண்டும்.

அதுவரை, பணம் அனுப்பும் முன் விற்பவரின் முழுப் பெயரையும் முகவரியையும் பில்லையும் கேளுங்கள். தயங்காமல் கொடுப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். யுபிஐ திரையில் வரும் பெயரும் பக்கத்தின் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும்; பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.