ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ளும் கிருமி: எங்கிருந்து வருகிறது?



"சுகப்பிரசவம்தான். ஆனா மூணாம் நாள் காய்ச்சல் வந்திருச்சு." "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தையல் போட்ட இடத்துல சீழ் வச்சிருச்சு." இப்படிச் சிலர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உடனே, 'ஆஸ்பத்திரிக்குப் போனாலே வியாதிதான்' என்று ஒரு பேச்சு ஊரில் கிளம்பிவிடும். அதை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உதிரப்போக்கு நிற்காவிட்டால், வலிப்பு வந்துவிட்டால், வீட்டில் அதற்கு வழியில்லை.

அதே சமயம், ஆஸ்பத்திரியில் கிருமி தொற்றுவதும் உண்மைதான். மறைத்துப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறும் 100 பேரில் சுமார் 15 பேருக்கு இப்படித் தொற்று வருகிறது. பணக்கார நாடுகளிலும் 7 பேருக்கு வருகிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது? காற்றில் வருவதும் உண்டு. காசநோய் அப்படித்தான் பரவுகிறது. ஆனால் பிரசவத்திலும் ஆபரேஷனிலும் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நம் சொந்த உடம்பு. தோலிலும் குடலிலும் கிருமிகள் எப்போதும் இருக்கின்றன. இருக்கிற இடத்தில் இருக்கும்வரை தொந்தரவில்லை. கத்தி பட்ட இடம், மூத்திர டியூப், குளுக்கோஸ் ஏற்றும் ஊசி, இவை வழியாக உள்ளே இறங்கினால்தான் வினை. இரண்டாவது, அடுத்தவர் கை.

கைதான் காரணம் என்று தெரிந்த கதை கேட்கத் தக்கது. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-இல் டாக்டர்கள் வார்டில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 3 பேர்கூட இல்லை. படித்தவர்கள் பார்த்த இடத்தில்தான் சாவு அதிகம்! இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-இல் காரணத்தைப் பிடித்தார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை கிடையாது. குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிய பிறகே தாயைத் தொட வேண்டும் என்று அவர் கண்டிப்புச் செய்தார். 1848-இல் அந்த வார்டில் சாவு 100-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கியது. சக டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் கையாலேயே சாவு வந்தது என்றால் ஏற்க யாருக்குத்தான் மனசு வரும்?

இன்று கை கழுவும் விதி எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. கூட்டம் அதிகமான நேரத்தில் தவறிப்போகிறது. "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

நம் கையையும் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்ததும் வேன் வைத்துக்கொண்டு வருகிறோம். கட்டிலில் உட்காருகிறோம், குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுகிறோம். பெரியவர் ஒருவர் விரலில் சர்க்கரைத் தண்ணி தொட்டுச் சேனை வைக்கிறார். அந்த விரல் பஸ் கம்பியைப் பிடித்த விரல்! சேனை வேண்டாம், தாய்ப்பால் போதும். கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவது கணவர் பொறுப்பு. மாமியாரிடம் மருமகள் சொல்ல முடியாது, மகன் சொல்லலாம். சோப்பு ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டிலேயே பிளேடால் முடி மழித்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி குடியேறும். சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். மூத்திரப் பையைத் தரையில் வைக்காதீர்கள். கட்டிலுக்கு மேலேயும் தூக்காதீர்கள். குழந்தையின் தொப்புளில் சாம்பலோ சாணியோ வைக்கக் கூடாது. உலர்ந்திருந்தால் தானே விழும்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. தையல் புண்ணில் தொற்று 30 நாள் வரைகூடத் தலைகாட்டலாம். பிரசவமாகி 42 நாளுக்குள் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள உதிரம், தையலில் சிவப்பு அல்லது சீழ், இதில் எது வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தார்கள் என்று பார்த்துத்தான் டாக்டர் அடுத்த மருந்தை முடிவு செய்வார்.