கதவு மூடிய வீட்டுப் பள்ளிக்கூடம்



பிள்ளையின் முதற் பள்ளிக்கூடம் தாய்மடி என்கிறோம். அதையே முழுப் பள்ளிக்கூடமாக்கிக்கொள்ள அரசின் சட்டம் இடந்தருமா?

ஜேர்மனியில் இடமில்லை. பாடசாலைக்குச் செல்வதை 1919ஆம் ஆண்டின் அரசியலமைப்பே அங்கு கட்டாயமாக்கியது. டார்ம்ஸ்டாட் நகருக்கருகே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தம் நான்கு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே கல்வி புகட்டியது. 2013 ஆகஸ்ட் 29ஆம் திகதி அதிகாரிகள் பொலிஸாருடன் வந்து நால்வரையும் கொண்டுசென்றனர். அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்!

பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் உடன்பட்டனர். மூன்று வாரங்களில் பிள்ளைகள் வீடு திரும்பினர். பரீட்சித்ததில் அவர்களின் கல்வித்தரம் கவலைக்குரியதாக இருக்கவில்லை. எனினும் 2019இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றில் பெற்றோரின் வழக்குத் தோற்றது. முன்னரே பரீட்சித்தறிய அவர்கள் இடமளிக்காததையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

அமெரிக்காவிலோ தீர்ப்பு வேறு. விஸ்கொன்சின் மாநிலத்து ஆமிஷ் பெற்றோர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். தலா 5 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கமே நின்றது. பிள்ளைகள் அடிப்படைக் கல்வி பெற்றிருந்ததையும், பின்னர் பண்ணையிலும் வீட்டிலும் தொழில் பயில்வதையும் அது கருத்திற்கொண்டது.

சகோதரிகளே, பிள்ளை நம்மிடமுள்ள அமானிதம். அமானிதத்துக்குக் கணக்குண்டு. வீட்டில் எதைக் கற்பித்தாலும் பிறர் பார்க்கக் கதவைத் திறந்து வையுங்கள். மூடிய கதவு, நல்ல தாயையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.