லேடி வில்லிங்டன் யார்? ஆளுநரின் மனைவி பெயரில் செங்கல்பட்டில் தொடங்கிய மருத்துவமனை என்ன ஆச்சு?

மாமல்லபுரம் கடற்கரையில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கி.மீ. வந்தால் செங்கல்பட்டு. ஊரை ஒட்டிய திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் 1924ல் தொடங்கியபோது இதன் பெயரே வேற. 'லேடி வில்லிங்டன்' பெயரில் உருவான தொழுநோய் இல்லம் இது.

யார் இந்த லேடி வில்லிங்டன்?

1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி. இயற்பெயர் மேரி அடிலெய்ட். 1875ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தாய் ஆனி பிராஸி, கப்பலில் உலகைச் சுற்றிவந்து பயணநூல் எழுதியவர்.

1892ல் திருமணம். இரண்டு மகன்கள். மூத்த மகன் 1914ல் முதல் உலகப் போரில் கொல்லப்பட்டார். அப்போது கணவர் பம்பாய் ஆளுநர். அந்த இழப்புக்குப் பிறகும் பம்பாயில் போர் நிவாரணப் பணிகளில் ஈடுபட்டார் மேரி அடிலெய்ட்.

அடுத்து சென்னை. மெரினா எதிரே, விவேகானந்தர் இல்லம் அருகே இருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் இவர் பெயர்தான். நம்ம ஊர்ல பலரும் 'வெலிங்டன்' என்றே சொல்கிறார்கள். குன்னூர் பக்கம் இருக்கும் வெலிங்டன் வேற, அது வேறொருவர் பெயரில் அமைந்த ஊர்.

ஆளுநரின் மனைவிக்கு என்ன அதிகாரம்?

சட்டப்படி எதுவும் இல்லை. பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அதுதான் நிலை. ஆனால் செல்வாக்கு உண்டு. அவர் ஒரு விஷயத்தில் அக்கறை காட்டினால் அதிகாரிகள் கவனிப்பார்கள், வசதி படைத்தவர்கள் நன்கொடை தருவார்கள். கட்டடங்களுக்கு ஆளுநர் மனைவியின் பெயர் வைப்பதும் அந்தக் கால வழக்கம்.

அந்தப் பெயர் எப்போதும் நல்லதற்கே பயன்பட்டதா? கணவர் வைஸ்ராயாக இருந்தபோது, டெல்லியில் பழைய கல்லறைகளைச் சுற்றி 1936ல் 'லேடி வில்லிங்டன் பூங்கா' திறக்கப்பட்டது. அதற்காக அங்கே குடியிருந்த கிராம மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது லோதி தோட்டம் ஆனது.

திருமணியில் என்ன நடந்தது?

வில்லிங்டன் தம்பதி சென்னையை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டில்தான் திருமணி இல்லம் தொடங்கியது. தொழுநோய் பாதித்தவர்களை ஊரைவிட்டே ஒதுக்கிய காலம் அது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்துத் தனியாக அடைக்க 1898ம் ஆண்டுச் சட்டமே இருந்தது. மருந்து என்று பார்த்தால், நீரடிமுத்து வகை எண்ணெயை ஊசியாகப் போடுவார்கள். அதில் பலன் குறைவு.

1930களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் இங்கே பொறுப்புக்கு வந்தார். இந்தியாவில் டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்கு முதலில் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

1947ல் அவரைப் பார்க்க வேலூரில் இருந்து அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி, வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. அதாவது விரல் மடங்கியிருந்தாலும் சில தசைகள் நல்ல பலத்தோடுதான் இருந்தன. 'அப்படின்னா இந்தக் கையைச் சரிசெய்ய முடியுமே' என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. பிறகு வேலூரில் அவர் செய்த அறுவை சிகிச்சைகளால், முடங்கிய கைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின.

1955ல் மத்திய அரசு இல்லத்தை எடுத்துக்கொண்டது. லேடி வில்லிங்டன் 1960ல் காலமானார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

தொழுநோய் இப்போது முழுமையாகக் குணமாகும். 1980களில் வந்த கூட்டு மருந்து சிகிச்சையை, நோயின் தன்மையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் எடுத்தால் போதும். சட்டங்களும் மாறிவிட்டன. 1898ம் ஆண்டுச் சட்டம் 2016ல் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க இடம் தந்த பிரிவுகள் 2019ல் நீக்கப்பட்டன.

ஆனால் பயமும் கூச்சமும் இன்னும் முழுசா போகவில்லை. 'வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க' என்று மறைப்பதால்தான் சிகிச்சை தள்ளிப்போகிறது. கை, கால் பாதிப்பும் அதனால்தான் வருகிறது.

என்ன கவனிக்கணும்?

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டாலோ சுட்டாலோ உணர்ச்சி இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சிகிச்சை இலவசம். மருந்து தொடங்கியதும் மற்றவர்களுக்குப் பரவும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். அதனால் வீட்டில் இருந்து யாரையும் பிரித்து வைக்கத் தேவையில்லை.