அட்டைப் பெட்டியை அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் முன்

அமெரிக்காவில் சிறுவயதில் பபிள்கம் பாக்கெட்டோடு பேஸ்பால் அட்டைகளை வாங்கிச் சேர்த்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்கள் சேர்த்தவை இப்போது பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. அப்பாவின் அலமாரியைத் திறந்தால் ஷூ பெட்டி ஷூ பெட்டியாக ஆட்டக்காரர்களின் முகங்கள். விற்க மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் இருக்காது. “மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இது கோயில் உண்டியலில் காசு போடுவதுபோல் போட்டுவிட்டு வரும் காரியமல்ல. ஒரு சொத்தின் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தருகிறீர்கள். மாற்றிய பிறகு திரும்பக் கேட்க முடியாது. கொடுப்பவருக்கு என்ன உரிமை உண்டு, எதை இழக்கிறார், எங்கே ஏமாறுகிறார் என்பதைக் கையெழுத்திடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், அருங்காட்சியகம் மறுக்கலாம். பெரும்பாலும் மறுக்கும். 1980-களின் பிற்பாதியிலும் 90-களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் அட்டைகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. பிற்காலத்தில் பொன்னாகும் என்று நம்பிக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தன. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள தேசிய பேஸ்பால் புகழரங்கம் அரும்பொருள்களை விலைக்கு வாங்குவதில்லை, நன்கொடையாக மட்டுமே பெறுகிறது. அப்படிப் பெற்றே அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்துவிட்டன. ஏற்கெனவே பல பிரதிகள் உள்ள ஓர் அட்டையை இன்னொரு முறை பெற்றுப் பதிந்து பாதுகாக்க எந்த நிறுவனத்துக்கும் ஆளும் இடமும் பணமும் மிச்சமில்லை. ஆகவே கேட்காமல் தபாலில் அனுப்பாதீர்கள். பட்டியலும் சில புகைப்படங்களும் இணைத்துக் கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வரும்வரை பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

கொடை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஜெஃபர்சன் பர்டிக்கைவிடச் சிறந்த முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பகுதியைச் சேர்ந்தவர், 1900-ல் பிறந்தவர். மின்சாதனத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைப் பொருத்தும் வேலை. பெரும் செல்வம் ஏதுமில்லை. மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டே வந்தன. சிகரெட், மிட்டாய் பாக்கெட்டுகளில் வந்த அட்டைகளையும் விளம்பரச் சீட்டுகளையும் மூன்று லட்சத்துக்கு மேல் சேர்த்தார். அவற்றில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை பேஸ்பால் அட்டைகள். வெறுமனே சேர்க்கவில்லை, வகைப்படுத்திக் குறியீடு கொடுத்தார். இன்றும் சேகரிப்பாளர்கள் வாயில் புழங்கும் ‘டி206’ என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

1940-களின் பிற்பகுதியில் அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை அணுகினார். அச்சுப்படப் பிரிவின் காப்பாட்சியர் ஹயாட் மேயர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அட்டைகளை வரிசைப்படுத்தி ஆல்பங்களில் அமைத்துத் தரும் பொறுப்பு கொடையாளருடையது என்று பேச்சு. பர்டிக் அதை மீறவில்லை. கடைசி ஆண்டுகளில் நியூயார்க்குக்கே குடிபெயர்ந்து, அருங்காட்சியகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, வளைந்த விரல்களால் ஒவ்வொன்றாக ஒட்டினார். 1963 ஜனவரி 10 அன்று வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13 அன்று காலமானார். இன்று எந்தப் பாதுகாப்பு வல்லுநரும் பசை தடவி ஒட்டச் சொல்ல மாட்டார். ஆயினும் அந்தத் தொகுப்பு சிதறாமல் நிற்பதற்குக் காரணம், யார் என்ன செய்ய வேண்டும் என்பது கொடுப்பவரும் பெறுபவரும் உயிரோடிருந்தபோதே முடிவானதுதான்.

பர்டிக்கின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முன்பேச்சு. நம் காலத்தில் அதைத் தானப் பத்திரமாக எழுதுகிறார்கள். என்ன பொருள், எத்தனை, யார் கொடுக்கிறார், கொடுப்பவருக்கு அதன்மீது முழு உரிமை உண்டா, உரிமை எந்த நாளில் மாறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிபந்தனை எதுவுமின்றித் தருகிறேன் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். அதன் பிறகு அட்டைகளைக் காட்சிக்கு வைப்பதும் கிடங்கில் வைப்பதும் அவர்கள் முடிவு. பொதுவாக எந்த அருங்காட்சியகத்திலும் இருப்பில் சிறு பகுதிதான் மக்கள் பார்வைக்கு வரும். “எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்”, “தொகுப்பைப் பிரிக்கக் கூடாது” என்ற நிபந்தனைகளைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்பதாக வாயால் சொன்னால் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். காப்பாட்சியர்கள் மாறிப் போவார்கள், வருங்காலத்தில் எடுத்துக்காட்ட எழுத்து மட்டுமே மிஞ்சும்.

கொடுத்த பொருளைப் பின்னாளில் இருப்பிலிருந்து நீக்கி விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பின் நெறிமுறைப்படி அந்தப் பணம் புதிய பொருள் வாங்கவோ இருப்பவற்றை நேரடியாகப் பராமரிக்கவோ மட்டுமே போக வேண்டும், மின்கட்டணத்துக்கோ சம்பளத்துக்கோ போகக் கூடாது. இது நெறிமுறைதான், சட்டமல்ல. ஆகவே நீக்கும் கொள்கையின் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நீக்குவதாக இருந்தால் முதலில் குடும்பத்துக்கோ வேறொரு பொது நிறுவனத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளக் கேட்பதில் தவறே இல்லை.

“கொடுக்கவில்லை, வைத்துக்கொள்ளத் தந்திருக்கிறேன்” என்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கால வரம்பில்லாத இரவல்தான் அதிகம் சிக்கலைத் தருகிறது. தந்தவர் இறந்துபோவார், பிள்ளைகள் முகவரி மாறுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில், உரிய அறிவிப்பு விடுத்தும் யாரும் உரிமை கோராத பழைய இரவல் பொருளை அருங்காட்சியகம் தன்னுடையதாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இரவல் என்றால் முடிவுத் தேதி, காப்பீடு யார் பொறுப்பு, வாரிசு யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். முகவரி மாறினால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி வரி. பலர் இடறி விழும் இடம் இது. அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் கையிலிருந்த அட்டையை அதோடு தொடர்புள்ள பணியைச் செய்யும் பொது நிறுவனத்துக்குக் கொடுத்தால் அன்றைய சந்தை மதிப்பைக் கழிவாகக் கோரலாம். தொடர்பில்லாத இடத்துக்குக் கொடுத்தால் வாங்கிய விலைதான் கணக்கு. 300 டாலருக்கு வாங்கிய அட்டை இன்று 9,000 டாலர் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு அருங்காட்சியகம் அதைத் தன் இருப்பில் சேர்த்தால் கழிவு 9,000. மருத்துவமனை நிதிக்காக ஏலம் விடக் கொடுத்தால் 300 மட்டும். அருங்காட்சியகமே வாங்கிய கையோடு விற்றாலும் இந்தச் சிக்கல் வரும். மூன்றாண்டுக்குள் விற்றால் அவர்கள் 8282 எண் படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் பெற்ற சலுகையின் ஒரு பகுதி திரும்பப் போகலாம். ஆகவே தங்கள் பணிக்கே பயன்படுத்துவோம் என்ற உறுதிக் கடிதத்தை வாங்கிவைப்பது உங்கள் உரிமை, அவசியமும்கூட. அட்டை வணிகம் செய்பவருக்கு இந்தச் சந்தை மதிப்புச் சலுகை கிடையாது.

மதிப்பு 250 டாலரை எட்டினாலே அருங்காட்சியகத்தின் எழுத்துபூர்வ ஒப்புகை வேண்டும். பணமல்லாத கொடைகள் 500 டாலரைத் தாண்டினால் 8283 எண் படிவம். 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். அந்த அறிக்கை கொடை நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பாகத் தயாரானதாக இருக்கக் கூடாது. ஒத்த பொருள்களை அந்த ஆண்டு முழுவதும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்பதால், நூறு அட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்து வரம்பைத் தப்ப முடியாது. மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்கும் மதிப்பீட்டாளரை உடனே விலக்குங்கள், அந்த அறிக்கை செல்லாது. பெறும் அருங்காட்சியகமும் மதிப்பீடு செய்ய முடியாது. சரியான மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ காட்டி வரி குறைந்திருந்தால் அபராதம் வரலாம்.

மதிப்பு என்றவுடன் மோசடியையும் சொல்ல வேண்டும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 வரிசையில் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரிது. 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த வரிசையின் மிகப் புகழ்பெற்ற வாக்னர் அட்டை ஒன்றின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உச்ச விலை பெறும் அட்டைக்கே இந்தக் கதி என்றால், வீட்டுப் பெட்டியில் இருப்பதைப் பார்த்தவுடன் அசல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நண்பர் வாய்ச்சொல்லை நம்பிப் படிவத்தில் தொகை எழுதாதீர்கள். அட்டை எப்போது, யாரிடம் வாங்கப்பட்டது என்ற ரசீதையும் குறிப்பையும் அட்டையைப் போலவே பாதுகாத்து வையுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் பெற்ற நிறுவனத்துக்கும் அதன்மேல் உரிமை இல்லாமல் போகும். கொடுக்கும் முன் அழகுபடுத்துகிறேன் என்று துடைப்பதும் லாமினேஷன் போடுவதும் செல்லோடேப் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். பி.வி.சி. உறைகளிலிருந்து எடுத்துப் பாலியெஸ்டர் உறைகளில் இட்டால் போதும்.

உயிலில் எழுதிவைப்பவர்கள் அருங்காட்சியகத்திடம் முதலில் சம்மதம் கேட்கட்டும். உயிலில் பெயர் இருப்பதாலேயே அவர்கள் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. மறுத்தால் யாருக்குப் போக வேண்டும் என்ற மாற்று வரியும் இருக்கட்டும். பிரிட்டனின் எட்வர்ட் வார்ட்டன்-டைகர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட் அட்டைகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். அந்த அளவும் ஒழுங்கும் உள்ள தொகுப்பு எல்லோர் வீட்டிலும் இருக்காது.

பெரிய இடம் மறுத்தால் சோர்ந்துபோக வேண்டியதில்லை. சொந்த ஊர் அணியின் அட்டைகளை அந்த ஊர் வரலாற்றுச் சங்கமோ பொது நூலகமோ விரும்பி ஏற்கலாம். விளையாட்டு வரலாறு கற்பிக்கும் பல்கலைக்கழக நூலகங்களும் உண்டு. பெஞ்சமின் எட்வர்ட்ஸ் சேர்த்த சுமார் 2,100 பழைய அட்டைகள் அவர் மகள் வழியாகக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கிடம் போய், அவர் கொடுத்ததால் 1954-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்ந்தன. இன்று உலகில் யாரும் அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கொடுத்த பின் வாக்கு மீறப்பட்டால் முதலில் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவுக்கு எழுதுங்கள். பயனில்லையேல் அமெரிக்காவில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநில அட்டர்னி ஜெனரலுடையது, அங்கே புகார் செய்யலாம். பத்திரத்தில் கொடையாளருக்கு அந்த உரிமை எழுதப்படாவிட்டால் அவரே நேரடியாக வழக்காடுவது கடினம்.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட் அட்டைகளை இங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அந்தச் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கே உரியது, பொருளுக்கு இல்லை. அமெரிக்காவில் குடியேறி அங்கே வரி கட்டும் நம்மவர்களுக்கு மேலே சொன்ன விதிகள் அனைத்தும் பொருந்தும். பெரிய தொகுப்பாக இருந்தால் அங்குள்ள வரி ஆலோசகரையும் வழக்கறிஞரையும் முன்கூட்டியே பாருங்கள். பட்டியல், புகைப்படம், ஒப்புதல் கடிதம், தானப் பத்திரம் ஆகிய நான்கும் கையில் வரும்வரை ஓர் அட்டையைக்கூட வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.